துணி வாங்க ஆளில்லாமல் மில் ஓடுமா?

கோயமுத்தூரில் ஐந்து மில்கள். காளையார்கோவிலில் ஒன்று. பரமக்குடிக்குப் பக்கத்தில் கமுதக்குடியில் ஒன்று. ஆக ஏழு. இவை எந்த முதலாளிக்கும் சொந்தமானவை அல்ல. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் பெயரால் மத்திய சர்க்காருக்குச் சொந்தமானவை. அதாவது ஜனங்களுக்குச் சொந்தமானவை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு என்று சொல்லி இவற்றின் கதவைச் சாத்தினார்கள். ஊரடங்கு முடிந்தது. தனியார் மில்களில் சங்கு ஊதிற்று, சந்தை கூடிற்று, சினிமாக் கொட்டகை கூடத் திறந்தது. ஆண்டுகள் ஐந்து கடந்த பிறகும் இந்த ஏழு மில்களில் ஒரு கதிர் கூடச் சுழலவில்லை. நாடு முழுவதும் இப்படி நிறுத்தப்பட்ட கழக மில்கள் 23. வீட்டில் உட்கார வைக்கப்பட்ட தொழிலாளிக்குப் பாதிச் சம்பளம் என்றார்கள். அதுவும் பல மாதம் பாக்கி நின்றது.

இந்தக் கதவுகளைச் சாத்தி வைத்த அதே சர்க்கார்தான் "மேக் இன் இந்தியா" என்று சிங்க முத்திரை குத்தி ஊரெல்லாம் விளம்பரம் செய்தது. 2014 செப்டம்பரில் எழுந்த முழக்கம் அது. 2022க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆலைத் தொழிலின் பங்கு நூற்றுக்கு 25 ஆகும், பத்துக் கோடிப் பேருக்குப் புது வேலை கிடைக்கும் என்றார்கள். (இந்தக் கணக்கை முதலில் போட்டது 2011ல் இருந்த காங்கிரஸ் தலைமையிலான சர்க்கார். அடுத்து வந்தவர்கள் ஏட்டை மட்டும் கைமாற்றிக்கொண்டார்கள்.) 2022 வந்தது, போயிற்று. அந்தப் பங்கு பதினேழைச் சுற்றியே நின்றுவிட்டது.

வேலையின் கதி என்ன? சர்க்காரே எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பு சொல்கிறது: 2018-19ல் வேலை செய்யும் நூறு பேரில் விவசாயத்தில் இருந்தவர் 42.5 பேர், 2023-24ல் 46.1 பேர். அதே ஆண்டுகளில் ஆலைத் தொழிலில் இருந்தவர் 12.1லிருந்து 11.4 ஆகக் குறைந்தனர். உலகில் எந்த நாடு தொழில் வளர்த்தாலும் வயலிலிருந்து ஆலைக்கு ஆள் போவார்கள். இங்கே ஆலையிலிருந்து வயலுக்கு ஆள் திரும்புகிறார்கள். திரும்பி வந்து என்ன செய்வது? அறுவடை இயந்திரம் வந்த பிறகு கதிர் அறுக்கும் வேலை சில நாளில் முடிகிறது. பத்துப் பேர் செய்த வேலைக்குப் பதினைந்து பேர் வரப்பில் நின்றால் கூலி என்ன ஆகும் என்பதை விவசாயத் தொழிலாளிக்கு எந்த நிபுணரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

தோழர்களே, சர்க்கார் சும்மா இருந்தது என்று நாம் சொல்லவில்லை. நிறையக் கொடுத்தது. யாருக்குக் கொடுத்தது என்பதுதான் கேள்வி.

2019 செப்டம்பரில் ஒரே நாளில் கம்பெனிகளின் வரியைக் குறைத்தார்கள். மற்றச் சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிக்கு 30லிருந்து 22 சதவிகிதம். புதிதாக ஆலை வைக்கும் கம்பெனிக்கு 15 சதவிகிதம். இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வரவு குறையும் என்று அன்றைக்குச் சர்க்காரே சொன்னது. பிறகு வந்தது உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம்: பதினான்கு தொழில்களுக்கு 1.97 லட்சம் கோடி. அதில் ஜவுளிக்கு 10,683 கோடி. சந்தோஷப்பட்டு விடாதீர்கள். 2021ல் அறிவித்தபோது அது செயற்கை இழைத் துணிக்கும் விசேஷத் தொழில்நுட்பத் துணிக்கும் மட்டுமே. குறைந்தது 100 கோடியோ 300 கோடியோ முதல் போடுகிறவனுக்குத்தான். பருத்தி நூற்கும் மில்லுக்கு அதில் இடமில்லை. பத்துத் தறி வைத்திருக்கும் சோமனூர்க்காரன் வாசற்படியைக் கூட மிதிக்க முடியாது.

இந்த ஊக்கத்தொகையால் ஒன்றுமே நடக்கவில்லை என்று வாதாடுவது நியாயமல்ல. செல்போன் பூட்டும் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான இளம் பெண்களுக்கு வேலை வந்தது உண்மை. ஆனால் ஒரு தொழிலில் வந்ததைக் காட்டி எல்லாத் தொழிலுக்கும் இதே மருந்து என்கிறார்களே, அதைத்தான் நாம் ஏற்க முடியாது. வரி குறைந்ததால் கையில் மிச்சமான பணத்தை முதலாளி எதில் போடுவான்? ஏற்கெனவே நூற்ற நூல் கிடங்கில் தேங்கிக் கிடந்தால் புதிதாக ஆயிரம் கதிர் பூட்டுவானா? கடனை அடைப்பான், பங்குதாரருக்குக் கொடுப்பான், மனை வாங்கிப் போடுவான். கிணற்றில் தண்ணீர் இல்லை என்று அழுகிறவனுக்கு இரண்டாவது மோட்டார் வாங்க மானியம் கொடுத்த கதைதான்.

ஆர்டர் இருந்தால் சக்கரம் சுழலும்

தொழிலை ஓட வைப்பது எது என்று தெரிந்துகொள்ளத் திருச்சிக்குப் போக வேண்டும். அங்கே 1960களில் சர்க்கார் பணத்தில் பாய்லர் தொழிற்சாலை எழுந்தது. அதைச் சுற்றித் துவாக்குடியில் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் முளைத்தன. வெல்டர்கள், பிட்டர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள் என்று சுற்றுவட்டார கிராமத்துப் பிள்ளைகள் தொழில் கற்றார்கள். அந்தப் பட்டறைகளை வாழவைத்தது வரிச் சலுகையா? பாய்லர் தொழிற்சாலை கொடுத்த ஆர்டர். பெரிய தொழிற்சாலைக்கு மின் நிலைய ஆர்டர்கள் வற்றியபோது துவாக்குடியிலும் ஷட்டர்கள் இறங்கின. இடையில் எத்தனையோ சலுகை அறிவிப்புகள் வந்தன. ஒரு ஷட்டரையும் அவை தூக்கி நிறுத்தவில்லை.

கோயமுத்தூரின் கதையும் இதற்கு விலக்கல்ல. அங்கே மில்கள் புற்றீசலாய் எழுந்தது எப்போது? 1932ல் பைக்காரா நீர்மின்சாரம் உற்பத்தியாகி மலையிலிருந்து கம்பி இறங்கிய பிறகு. அந்த மின்சாரத்தைப் போட்டது சென்னை மாகாண சர்க்கார். வெள்ளைக்காரன் காலத்துச் சர்க்கார் கூட மின்சாரம் கொடுத்தால்தான் மில் வரும் என்று புரிந்து வைத்திருந்தது. இன்றைய பொருளாதார மேதைகள் "தொழில் நடத்துவது சர்க்காரின் வேலையல்ல" என்று சொல்லும்போது, அந்தக் கம்பியின் கீழ் நின்றுகொண்டுதான் சொல்கிறார்கள்.

ஆலைக்கு வேண்டியவை நான்கு: பஞ்சு, மின்சாரம், கை, வாங்குகிறவன். இந்த நாலாமவனைப் பற்றித்தான் டில்லியில் யாரும் பேசுவதில்லை.

வெளிநாட்டான் வாங்குவான் என்பது அவர்கள் நம்பிக்கை. வாங்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. திருப்பூர் 2024-25ல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவிகிதம் வரி என்று அமெரிக்க ஜனாதிபதி ஒரு கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தின் மை காயும் முன்னே திருப்பூரில் ஆர்டர் நின்றது, ஓவர்டைம் நின்றது, சனிக்கிழமைச் சம்பளக் கவர் மெலிந்தது. வாங்குகிறவன் ஏழு கடலுக்கு அப்பால் மட்டுமே இருந்தால், நம் பிள்ளைகளின் சோற்றுத் தட்டை அவன் எப்போது வேண்டுமானாலும் தட்டி விடலாம்.

நம் ஊரிலேயே வாங்குகிறவன் இருக்கிறான். அவன் கையில்தான் காசில்லை.

கழனிக் கூலியும் மில் ஷிப்டும்

விவசாயத் தொழிலாளி குடும்பத்தில் துணி வாங்குவது எப்போது? பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை, வீட்டில் நல்லது கெட்டது வந்தால் கடன் வாங்கி ஒரு தடவை. கூலி கொஞ்சம் ஏறினால் முதலில் அரிசி, எண்ணெய், அடுத்தபடி துணிதான். பணக்காரன் வருமானம் இரட்டித்தால் அவன் இரட்டிப்பு வேட்டி கட்டப் போவதில்லை. இருநூறு குடும்பம் உள்ள ஒரு சேரியில் குடும்பத்துக்கு ஒரு சேலையும் ஒரு சட்டையும் கூடுதலாக வாங்கினால், அந்த ஒரு சேரியின் தேவையே ஒரு தறிக்காரனுக்குப் பல நாள் வேலை. தமிழ்நாட்டில் இப்படி எத்தனை ஆயிரம் சேரிகள், காலனிகள்! ஆகையால் நடவுக் கூலி ஏறினால் மில் தொழிலாளிக்கு என்ன என்று நினைப்பவர் தம் மில்லின் கணக்கையே அறியாதவர்.

நூறு நாள் வேலையை நாம் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறோம். 2005ல் வந்த அந்தச் சட்டம், அதன் கூலி முழுவதையும் மத்திய சர்க்கார் தலையில் வைத்தது. 2025 டிசம்பரில் அதன் இடத்தில் வேறொரு சட்டம் கொண்டுவந்தார்கள். நாளை 125 ஆக்கிவிட்டோம் என்று பறை கொட்டினார்கள். பறைச் சத்தத்தில் இரண்டு சங்கதிகளை அமுக்கினார்கள். செலவில் 40 சதவிகிதத்தை நம்முடையதைப் போன்ற மாநிலங்கள் ஏற்க வேண்டும்; விதைப்பு அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்க வேண்டும். எந்தக் காலத்தில் வேறு வேலை உண்டு என்ற தைரியத்தில் கூலி உயர்த்திக் கேட்கலாமோ, சரியாக அந்தக் காலத்தில்! பண்ணையாருக்கு இதைவிட நல்ல சகாயம் யாரும் செய்ய முடியாது. கிராமத்தில் இப்படிக் குறைகிற ஒவ்வொரு ரூபாயும் ஜவுளிக் கடையில் குறையும். பிறகு தறியில் குறையும். கடைசியில் மில்லில் மூன்றாவது ஷிப்டை நிறுத்தும்.

வாங்குகிறவனை உண்டாக்கினால் தொழில் எழும் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. பொங்கல் வேட்டி சேலைதான் அது. 1983ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கியது, ஆட்சிகள் மாறியும் நிற்கவில்லை. அண்மை ஆண்டுகளில் சுமார் 1.77 கோடி சேலை, ஏறத்தாழ அதே அளவு வேட்டி. ஒரு சேலை ஐந்தரை மீட்டர் என்று வைத்தால் சேலை மட்டுமே ஒன்பது கோடி மீட்டருக்கு மேல்! ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்து விசைத்தறிகள் மாதக்கணக்கில் ஓடுவது இந்த ஆர்டரால். பாவு ஓட்டுகிறவர், தறி ஓட்டுகிறவர், மடிக்கிற பெண், லாரியில் ஏற்றுகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் அதில் கூலி உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் சீருடையும் இந்தக் கணக்கில் சேரும். மேல்தட்டுப் பத்திரிகைகள் இதை "இலவசம்" என்று ஏளனம் செய்கின்றன. 1.45 லட்சம் கோடி வரியைக் கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்தால் அது "ஊக்கம்". கிழவிக்கு ஒரு சேலை கொடுத்தால் "இலவசம்"! அந்தச் சேலைக்குப் பின்னால் ஓடிய தறிகளை எண்ணிப் பார்த்தால், பட்ஜெட்டில் கைத்தொழில் கொள்கை என்று எழுதாமலே நடக்கும் நல்ல கைத்தொழில் கொள்கை இது என்று விளங்கும்.

இதிலும் கோளாறுகள் இல்லாமல் இல்லை. நூல் காலத்தில் வந்து சேரவில்லை, வந்த நூல் தரமில்லை என்ற புகார் பல ஆண்டுகளில் எழுந்திருக்கிறது. தறிக்காரருக்கு நெசவுக் கூலி ஏறவேயில்லை என்ற புகார் அதைவிடப் பழையது. தறிக்காரர் கூலி ஏறாவிட்டால் தறி ஓட்டுகிறவன் கூலி எங்கே ஏறும்?

நமது யோசனை

ஒரு பக்கம் சர்க்கார் ஆண்டு தவறாமல் கோடிக்கணக்கான மீட்டர் துணி வாங்குகிறது. அதற்கு நூல் தேடி டெண்டர் விட்டு அலைகிறது. மறுபக்கம் சர்க்காருக்கே சொந்தமான மில்கள் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டையும் இணைத்தால் என்ன?

விவசாயியிடம் ஆதரவு விலைக்குப் பருத்தி வாங்க இந்தியப் பருத்திக் கழகம் இருக்கிறது. 1970ல் ஏற்பட்ட மத்திய சர்க்கார் ஸ்தாபனம். அந்தப் பஞ்சு தேசிய பஞ்சாலைக் கழக மில்லுக்கு நேராகப் போகட்டும். அந்த நூல் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே தறிக்குப் போகட்டும். துணி ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் போகட்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, போலீஸ் உடுப்பு, ரயில்வே போர்வை என்று சர்க்கார் வாங்கும் துணிக்கு அளவே இல்லை. எல்லாவற்றுக்கும் முதல் ஆர்டர் பொதுத்துறை மில்லுக்கும் கைத்தறி விசைத்தறிச் சங்கத்துக்கும் என்று சட்டமாக்க வேண்டும்.

"அவை நஷ்டத்தில் ஓடிய மில்கள்" என்பார்கள். நஷ்டம் வந்தது உண்மைதான், எப்படி வந்தது? மார்கழி, தை மாதங்களில் பருத்தி வரத்து மிகும். கையில் பணமுள்ள மில்காரன் அப்போது வாங்கிக் குவிப்பான். டில்லியிலிருந்து உத்தரவும் பணமும் வரக் காத்திருக்கும் மில், விலை ஏறிய பிறகு மாதச் செலவுக்கு மட்டும் வாங்கும். அதே மில் நூலை விற்கும்போது வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளும். நிச்சயமான ஆர்டரும் பருவத்தில் வாங்கிய பஞ்சும் இருந்தால் இந்த நஷ்டத்தில் பெரும் பகுதி கரையும். மீதி இருந்தால், அதையும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்ப்போம், வாருங்கள்.

இந்த மில்களை 1974ல் சட்டம் போட்டுத் தேசியமயமாக்கியதே, தனியார் முதலாளிகள் சாறு பிழிந்து சக்கையாக எறிந்ததால்தான். அன்று எடுத்த 103 மில்களில் பல பிறகு மூடப்பட்டன. மும்பையில் மில் நிலத்தை விற்றார்கள். மும்பை டெக்ஸ்டைல் மில்லின் நிலம் 2005ல் 702 கோடிக்கு ஒரு கட்டிடக் கம்பெனிக்குப் போயிற்று. 2012ல் அதே நிலம் சுமார் 2,700 கோடிக்கு வேறொரு கம்பெனிக்குக் கைமாறியது. நடுவில் ஒரு முழம் நூல் நூற்கப்படவில்லை. கோயமுத்தூர் மில்களும் ஊருக்கு நடுவே, மண் பொன்னாக விற்கும் இடத்தில் நிற்கின்றன. கதவு ஏன் திறக்கவில்லை என்று யோசிக்கும் தோழர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மத்திய சர்க்கார் மில், மாநில சர்க்கார் வேட்டி, எப்படிப் பொருந்தும் என்று கேட்பார்கள். இரண்டு கட்சிகளும் மேடையில் ஒருவரை ஒருவர் வசை பாடிக்கொள்வது நமக்குத் தெரியும். நூலுக்குக் கட்சி கிடையாது. மாநில சர்க்கார் முதலில் எழுத்து மூலம் ஆர்டர் கொடுக்கட்டும்; மத்திய சர்க்கார் மறுத்தால், மறுத்தது யார் என்று ஊருக்குத் தெரியட்டும். மில்களை நடத்த மனமில்லையானால் மாநிலத்திடம் ஒப்படைக்கட்டும்.

பருத்தி விவசாயியும் மில் தொழிலாளியும்

பஞ்சு விலை விஷயத்தில் நம்மை இரண்டாகப் பிளக்கப் பார்க்கிறார்கள். 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதவிகித வரி போட்டார்கள். 2022ல் சில மாதம் எடுத்தார்கள். 2025 ஆகஸ்டு 19ல் மறுபடி எடுத்து டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். நாட்டுப் பருத்தி சந்தைக்கு வரத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை அந்த மாதங்களுக்குள்தான் வருகின்றன! மில்காரர் சங்கங்கள் கைதட்டின. விதர்ப்பாவிலும் குஜராத்திலும் பருத்தி விவசாயி தலையில் கை வைத்தான். மில் ஓட வேண்டுமானால் விவசாயி சாக வேண்டும் என்ற வாதத்துக்கு நாம் ஒருபோதும் தலையாட்ட முடியாது. அவன் விலை விழுந்தால் பருத்தி எடுக்கும் பெண்ணின் கூலி விழும். அந்தப் பெண்ணும் நம் துணியை வாங்க வேண்டியவள்தான்.

வரியை ஏற்றி இறக்குவதால் தீராத நோய் இது. 2013-14ல் நாட்டில் 398 லட்சம் பேல் விளைந்தது; 2024-25ல் 300 லட்சத்துக்கும் கீழே. ஹெக்டேருக்குச் சுமார் 450 கிலோ பஞ்சு நம் விளைச்சல்; பிரேசிலில் 1,800 கிலோவுக்கு மேல். நம்முடையது பெரும்பாலும் மானாவாரி என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. காய்ப்புழுவைக் கொல்லும் என்று கம்பெனிகள் விற்ற விதையை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தின்று ஏப்பம் விடுகிறது. கோயமுத்தூரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையமும் விவசாய சர்வகலாசாலையும் இருக்கின்றன. அவற்றுக்குப் பணமும் ஆளும் கொடுத்துச் சர்க்கார் விதை உண்டாக்கி, பாசன வசதி செய்து, விளைந்ததை ஆதரவு விலைக்கு வாங்கினால் மில்லுக்கும் பஞ்சு, விவசாயிக்கும் விலை.

இனி, எப்படிப்பட்ட வேலை என்ற விஷயம். வேலை தருகிறோம், உரிமையைக் கொடு என்று பேரம் பேசுகிறார்கள். 2023 ஏப்ரலில் தமிழக சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு மசோதா நிறைவேற்றினார்கள்; தொழிற்சங்கங்கள் ஒன்றாய்க் கிளம்பியதால் பத்தே நாளில் மே தினத்தன்று பின்வாங்கினார்கள். 2025 நவம்பர் 21ல் டில்லி நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. முன்பு நூறு பேர் வேலை செய்யும் ஆலையை மூடவும் ஆட்குறைப்பு செய்யவும் சர்க்கார் அனுமதி வேண்டும். புதுத் தொகுப்பில் அந்த எல்லை முந்நூறு. நூற்பு மில்களில் பெரும்பாலானவற்றில் முந்நூறு பேர் எங்கே இருக்கிறார்கள்? சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தென்மாவட்டத்துப் பெண் பிள்ளைகளைக் காம்பவுண்டுக்குள் பூட்டி வேலை வாங்கியதை நாடு மறக்கவில்லை. இன்று ஒரிசா, பீகார் பிள்ளைகள் அதே ஹாஸ்டல்களில் இருக்கிறார்கள். அவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. அவர்களும் ஊரில் வேலையில்லாமல் வந்த விவசாயத் தொழிலாளியின் மக்களே. அவர்களுக்குக் குறைந்த கூலி கொடுத்து நம் கூலியையும் அமுக்குகிறவன் மேல்தான் கோபம். சர்க்கார் ஆர்டர் பெறும் எந்த மில்லும் எந்தத் தறிக்கூடமும் குறைந்தபட்சக் கூலி, எட்டு மணி நேரம், பி.எப்., சங்கம் வைக்கும் உரிமை இவற்றை ஏற்றே ஆக வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுத வேண்டும். சலுகை வாங்கிக்கொண்டவனை அதன் பிறகு யாரும் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆர்டர் கொடுக்கிறவன் நிபந்தனை போடலாம்.

காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். பொங்கலுக்குத் துணி ஜனங்கள் கையில் இருக்க வேண்டுமானால் ஆடி, ஆவணியிலாவது தறிக்கு நூல் போய்ச் சேர வேண்டும். அந்த நூலுக்கு வேண்டிய பஞ்சு அதற்கு முந்திய மாசி, பங்குனிக்குள் கிடங்கில் அடுக்கப்பட வேண்டும். அதற்கும் முன்னால், ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற கார்டிங் இயந்திரத்தையும் ஸ்பின்னிங் பிரேமையும் பிரித்துத் துடைத்து, எண்ணெயிட்டு, பெல்ட் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்த இயந்திரத்துக்கு எந்த இடத்தில் சத்தம் வரும் என்று அறிந்த பிட்டர்களும் ஜாபர்களும் இன்னும் சிங்காநல்லூரிலும் காளையார்கோவிலிலும் இருக்கிறார்கள். மில் நின்ற நாளில் ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு வயதில் இருந்த அவர்களில் பலர் வேலையே செய்யாமல் ஓய்வு வயதை எட்டி, பட்டியலிலிருந்து கழிந்துகொண்டிருக்கிறார்கள்.